தோத்தாத்ரியின் பூர்வீக விசாரணை

சிட்லபாக்கம் ஏரிக்கரையில் காலையில் நடக்கிற ஓய்வூதியக்காரர்கள் மத்தியில் என் வீட்டுக்காரருக்கு ஒரு பெயர் உண்டு. புதிதாகக் குடிவந்த யாரையும் மூன்றே கேள்வியில் இன்னார் என்று கண்டுபிடித்துவிடுவாராம். முதல் கேள்வி, "சாருக்குப் பூர்வீகம் எது?" இரண்டாவது, "அங்க எந்தத் தெரு?" மூன்றாவது ஆளுக்கு ஆள் மாறும். குலதெய்வமாக இருக்கலாம், மாமனார் ஊராக இருக்கலாம். அதற்குள் எதிராளியின் ஜாதி, அதன் உட்பிரிவு, யார் வீட்டில் அவர் கை நனைப்பார், யார் வீட்டில் நனைக்கமாட்டார் என்பது வரை இவர் மனதில் பதிவாகிவிடும். பதிவானதும் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும் பாருங்கள், வயிற்றில் மாட்டிக்கொண்டிருந்த வாயு கலைந்த மாதிரி.

இதை இவர் பொது அறிவு என்பார். நான் வைத்திருக்கும் பெயரை அச்சில் போட முடியாது.

இவர் பெயர் தோத்தாத்ரி. கிண்டியில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் பிரிவு அலுவலராக இருந்து ஓய்வு பெற்றார். நான் காமு. குரோம்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தேன். எங்களுக்கு ஒரே பெண், மாளவிகா. அயர்லாந்தில் கால்வே என்ற ஊரில் மேல்படிப்பு படித்துவிட்டு அங்கேயே வேலையில் இருக்கிறாள்.

இவரிடம் யாராவது திருப்பிப் பூர்வீகம் கேட்டால், மார்பை நிமிர்த்திக்கொண்டு "நாங்குநேரி" என்பார். பிறந்தது தாம்பரம் ரயில்வே குவார்ட்டர்ஸில். படித்தது தாம்பரத்தில். வீடு கட்டினது சிட்லபாக்கத்தில். நாங்குநேரிக்கு இவர் போனது இரண்டே முறை, அதில் ஒரு முறை காய்ச்சலில் படுத்துக்கொண்டு கோயிலைக்கூட எட்டிப் பார்க்கவில்லை. அங்கே எங்களுக்கு ஒரு செங்கல் கிடையாது. ஆனாலும் நாங்குநேரி.

அடுத்த வீட்டில் இருப்பவள் செல்வமேரி. வாசலில் இட்லி மாவு அரைத்து விற்கிறாள். எங்கள் வீடு நிற்கிற மனை அவளுடைய தாத்தா நாற்று நட்ட வயல். இந்த ஊரில் பூர்வீகம் என்று ஒன்று யாருக்காவது இருக்குமானால் அவளுக்குத்தான் இருக்கிறது. இவர் வாயில் அவள் "லோக்கல் ஆள்". அந்தச் சொல்லை இவர் சொல்லும்போது ஏதோ ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத பல்பைப் பற்றிப் பேசுகிற மாதிரி இருக்கும். வாரத்தில் மூன்று நாள் இவர் "பூ மாதிரி இருக்கு" என்று சொல்லிச் சாப்பிடுகிற இட்லி அவள் மாவில் வார்த்தது என்பதை மூன்று கேள்வி கேட்டு இவரால் கண்டுபிடிக்க முடிந்ததில்லை.

இப்படிப்பட்டவரிடம்தான் போன மாசி மாதம் ஒரு நாள் மாளவிகா போனில் சொன்னாள். "அப்பா, நான் ஒருத்தரைக் கல்யாணம் பண்ணிக்கப் போறேன். பேர் கீரன்."

கீரன் என்றதும் இவர் தமிழ்ப் பையன் என்று நினைத்துக்கொண்டு, ஜாதி என்னவாக இருக்கும் என்று அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்டார். சாயங்காலம் போட்டோ வந்தது. செம்பட்டைத் தலை, முகமெல்லாம் புள்ளி புள்ளியாக மச்சம், சிரித்த கண். எனக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது. இவர் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், தூரத்தில் நீட்டி, கண்ணாடியைக் கழற்றி, மாட்டி, கடைசியில் கேட்டார்.

"இவா யாரு?"

"அயர்லாந்துக்காரர்ப்பா."

"அது தெரியறது. அயர்லாந்துல யாரு?"

பெண் போனை வைத்துவிட்டாள். நானாக இருந்தால் போனை உடைத்திருப்பேன்.

இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் ஏரிக்கரையில் யாரோ, "அயர்லாந்துக்காரன்னா பரவாயில்லை சார், அவனும் நம்மள மாதிரி இங்கிலீஷ்காரன்கிட்ட அடிபட்டவன்" என்று சொல்லியிருக்கிறார்கள். அது இவருக்குப் பிடித்துப்போயிற்று. சரி, பழைய இனம், சொந்த மொழி இருக்கிறது, விசாரித்துப் பார்க்கலாம் என்று இறங்கி வந்தார். எப்படி விசாரிப்பது? அங்கே தெரு கேட்டால் தெரியாது, குலதெய்வம் கேட்டால் கிடையாது. அதனால் மொழி வழியாக உள்ளே நுழைய முடிவு பண்ணினார். ஐரிஷ் மொழியில் எந்த நாட்டுக்காரனை எப்படிச் சொல்வது, அதற்கு என்ன இலக்கணம் என்று இன்டர்நெட்டில் ஒரு பாடத்தைத் தேடிப் பிடித்து, ஸ்டேஷன் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் பிரதி எடுத்துக்கொண்டு வந்தார்.

ஒரு மொழியைக் கற்றுக்கொள்கிறவர்கள் தண்ணீர், சோறு, நன்றி, சௌக்கியமா என்று ஆரம்பிப்பார்கள். இவர் அதையெல்லாம் தொடவே இல்லை. மனிதர்களை வகை பிரிக்கிற சொற்களை மட்டும் படித்தார். வீடு முழுக்க "அக்", "அக்" என்று தொண்டையைச் செருமுகிற சத்தம். ஏரன்னக் என்றால் அயர்லாந்துக்காரன். சாசனக் என்றால் இங்கிலீஷ்காரன். ஃப்ராங்கக் என்றால் பிரெஞ்சுக்காரன். இண்டியக் என்றால் நாம். அநேகமாக எல்லா இனமும் அந்த "அக்"கில்தான் முடிகிறது. பன்மையில் அந்த வால் மாறி "ஈ" என்று இழுக்கும். பல பேர் சேர்ந்தால் ஏரன்னீ. எலிக்கும் ஃப்ராங்கக் என்றுதான் பெயராம், முதல் எழுத்தைச் சின்னதாகப் போட்டால் எலி, பெரியதாகப் போட்டால் பிரெஞ்சுக்காரன். அதைப் படித்த அன்று இவர் சிரித்த சிரிப்பில் பல் செட் ஆடியது.

"காமு, இதைக் கேளு. ஏரன்னக்ங்கறது ஆண்பால். பொம்மனாட்டியைச் சொன்னாலும் அதே ஆண்பால்தான். மாத்தவே வேண்டாம். எவ்வளவு சுலபம் பாரு."

"நம்மாத்துல முப்பத்தஞ்சு வருஷமா அந்த இலக்கணம்தானே நடக்கறது" என்றேன். காதில் விழவில்லை. வேண்டாதது எதுவும் அந்தக் காதில் விழாது.

இன்னொரு நாள், யாரையாவது கூப்பிடும்போது அந்தச் சொல்லின் கடைசி மாறும் என்று கண்டுபிடித்துக்கொண்டு வந்தார். நம் விளி வேற்றுமை மாதிரியே இருக்கிறதாம். என்னைக் கூப்பிட இவரிடம் உள்ள விளி வேற்றுமை ஒரு கனைப்பு. அதற்கு ஒருமை பன்மை கிடையாது.

இவரை ஒரேயடியாகக் கவிழ்த்தது வேறு ஒரு விதி. "நான் களைப்பாக இருக்கிறேன்", "எனக்கு ஜுரம்" என்று வந்து போகிற சமாசாரத்துக்கெல்லாம் அந்த மொழியில் "தா" என்று ஒரு வினை. "நான் இன்ன இனத்தான்" என்று சொல்வதற்கு மட்டும் "இஸ்" என்று வேறொன்று. இவருக்குப் பரவசம் தாங்கவில்லை.

"ஜுரம் வரும் போகும், அதுக்கு தா. இனம் போகாது, அதுக்கு இஸ். அந்த நாட்டானுக்கே தெரிஞ்சிருக்கு பாரு!"

மாளவிகாவிடம் போனில் இதைப் பெருமையாகச் சொன்னார். அவள், "அப்பா, டீச்சர், நர்ஸ், டிரைவர் எல்லாத்துக்கும் அந்த இஸ்தான் போடறா. அதுல ஒண்ணும் வேதம் இல்லை" என்றாள். இவர் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை. விதியில் தனக்கு வேண்டிய பாதியை எடுத்துக்கொண்டு மீதியைத் துடைத்துப் போடுவது இவருக்கு ஆபீஸிலிருந்தே பழக்கம்.

அந்தப் பாடத்தின் கடைசிப் பக்கத்தில் இரண்டு சொற்கள் இருந்தன. கேல் என்றால் அந்த மண்ணின் ஆதிக்குடி. கால் என்றால் வெளியிலிருந்து வந்தவன். இவர் அந்தப் பக்கத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாததுதான் குறை. உலகத்தையே இரண்டு சொல்லில் முடித்துவிட்டானே என்று நாள் முழுக்கச் சிலாகித்தார். பிறகு பெண்ணுக்குப் போன் போட்டு, பையனின் முழுப் பெயர் வேண்டும் என்றார்.

"கீரன் வால்ஷ்" என்றாள். "பாஸ்போர்ட்ல ஐரிஷ்லதான் இருக்கும். கீரன் ப்ரஹ்னக்."

"அக்" என்று முடிகிறதே! இவர் ஜெராக்ஸ் தாளை எடுத்து விரலால் தடவிக்கொண்டே போனார். ஒரு இடத்தில் விரல் நின்றது. ப்ரஹ்னக்: வேல்ஸ் நாட்டுக்காரன். அவ்வளவுதான், இன்டர்நெட்டில் புகுந்தார். எண்ணூறு வருஷத்துக்கு முன்னால் படையோடு படையாக வேல்ஸ் பக்கத்திலிருந்து அயர்லாந்தில் வந்து இறங்கியவர்களுக்கு வைத்த பெயர் அது என்று தெரிந்துகொண்டு, ஏதோ கொலைகாரனைப் பிடித்த மாதிரி ஹாலுக்கு வந்து நின்றார்.

"காமு, அவன் அயர்லாந்துக்காரனே இல்லை! வந்தேறி! கேல் இல்லை, கால்!"

"எப்ப வந்தாளாம்?"

"எண்ணூறு வருஷம் முன்னாடி."

இவருடைய அப்பா ரயில்வேயில் வேலை கிடைத்துத் தாம்பரத்தில் வந்து இறங்கி எண்பது வருஷம் இருக்குமா? இதைச் சொல்லலாம். சொன்னால் அது வேற விஷயம் என்பார். இவருக்கு எதிராக இருக்கிற எதுவும் எப்போதும் வேற விஷயம்தான்.

மறுநாள் ஏரிக்கரையில் இதுதான் பேச்சு. தோத்தாத்ரி சார் அயர்லாந்து வரைக்கும் போய்ப் பூர்வீகத்தைத் தோண்டிவிட்டார்! அங்கே நடந்தவர்களில் ஒருவருக்கும், சார், உங்களுக்கு வேறு வேலையே இல்லையா என்று கேட்கத் தோன்றவில்லை. ஒருவர், அந்த வேல்ஸ்காரர்களில் எந்தப் பிரிவு என்று கேட்டாராம். இவர் வீட்டுக்கு வந்து முடிவைச் சொன்னார்.

"இந்தக் கல்யாணத்துக்கு நான் போகப்போறதில்லை. நான் போகாத இடத்துக்கு நீயும் போகப்போறதில்லை. இன்னார்னு சொல்லிக்க முடியாத எடத்துல பொண்ணைக் குடுத்தோம்னு பேர் வேண்டாம்."

கல்யாணம் ஆவணி மாதம் என்று முடிவாகியிருந்தது. கால்வேயில், பதிவு அலுவலகத்தில், நாலு பேரை வைத்துக்கொண்டு. அந்த நாலு பேரில் நான் ஒருத்தியாக இருக்க வேண்டும். அவள் கழுத்தில் தாலி ஏறுகிறதோ விரலில் மோதிரம் ஏறுகிறதோ, அந்த நேரத்தில் அவள் பக்கத்தில் நிற்க வேண்டும். எனக்கு வேறு ஆசை எதுவும் இல்லை, நகை வேண்டாம், யாத்திரை வேண்டாம். தனியாகப் போகலாம். போய்விட்டுத் திரும்பி வந்து இந்த மனுஷரோடுதானே இருக்க வேண்டும்? செத்துப்போகும் வரை அதையே சொல்லிக் குத்திக்கொண்டிருப்பாரே என்று நினைத்தால் அடுப்பில் இருக்கிற பாலை இவர் தலையில் கொட்டலாம் போல இருந்தது. மாளவிகாவும், "சண்டை போட்டுண்டு வராதேம்மா, அப்புறம் நீதான் கஷ்டப்படுவே" என்றாள்.

நான் விடாமல் நச்சரித்ததில் இவர் ஒரு படி இறங்கினார். "சரி, பேர்ல என்ன இருந்தாலும் குடும்பம் எப்படின்னு விசாரிச்சுப் பார்க்கறேன்" என்றார். சம்பந்தம் பேசுமுன் அந்த ஊரிலேயே இருக்கிற யாரையாவது பிடித்து ரகசியமாக விசாரிப்பது எங்கள் பக்கத்தில் கட்டாயம். கால்வேயில் இவருக்கு யாரைத் தெரியும்? ஒருத்தியைத் தெரியும். செல்வமேரியின் மகள் ஜீவிதா அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள். முப்பது வருஷமாக அந்த வாசலை மிதிக்காத மனுஷர் சட்டையை மாட்டிக்கொண்டு மாவுக்கடைக்குப் போய் நின்றார். நான் மதில் ஓரமாக நின்று கேட்டேன்.

"செல்வமேரி, சௌக்கியமா இருக்கீங்களா?"

செல்வமேரி மாவு கலக்கிய கையை எடுக்கவே இல்லை. "இன்னா சார், இத்தினி வருசத்துல இன்னிக்குதான் நீங்கன்னு வாய்ல வருது. இன்னா ஓணும்?"

சொன்னார். பையன் பெயர், அவன் கிராமத்தின் பெயர் எல்லாம் சொன்னார். செல்வமேரி கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"உங்க பொண்ண கட்டிக்கப் போறவரு இன்னா ஏதுன்னு எங்க பொண்ணு போயி விசாரிக்கணும். நல்லா கீது சார் இது. சரி, மாமிக்காண்டி கேக்கச் சொல்றேன்."

அடுத்த வாரம் அவளே எங்கள் கேட் அருகில் வந்து நின்று, இவர் காதில் விழும்படிச் சொன்னாள்.

"ஜீவிதா கேட்டுப் பாத்துச்சாம் சார். அந்த ஊர்க்காரம்மா ஒருத்தங்க அதும்கூடவே வேலை செய்றாங்களாம். ப்ரானக்கோ இன்னாவோ, அந்தப் பேருல ஊரு ரொம்பிக் கீதாம். கீரன்னு மூணு பேரு தெரியுமாம். ஒருத்தரு செத்துட்டாரு. ஒருத்தரு ஆஸ்திரேலியா பூட்டாரு. மூணாவது எல்கேஜி படிக்குதாம்."

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. இவர் முகம் ஜொலித்தது.

"பார்த்தியா! அப்படி ஒரு ஆளே கிடையாது! ஃப்ராடு!"

செல்வமேரி போகும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "மாமி, நீங்க போய்ட்டு வாங்க. பெத்தவ போவாம வேற எவ போவா? உங்க வூட்டுக்காரு பேஜார் புடிச்ச ஆளு, அது இந்தத் தெருவுக்கே தெரியும்." அவள் ஒரு பாக்கெட் மாவை என் கையில் திணித்தாள், காசு வாங்கிக்கொள்ளவில்லை.

இவர் பெண்ணுக்குப் போன் செய்து, உன் மாப்பிள்ளை ஒன்று பிணம், இல்லாவிட்டால் குழந்தை என்று சொல்லிக் கத்தினார். மாளவிகா கத்தவில்லை. "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வீடியோல வா. அவரோட அம்மா பேசுவா. கேக்க வேண்டியதையெல்லாம் அவாகிட்டயே கேளு. அதுக்கப்புறமும் வரமாட்டேன்னா நான் உன்னைக் கூப்பிடமாட்டேன்ப்பா. எப்பவுமே" என்றாள்.

அந்த "எப்பவுமே" இவரை ஒன்றும் செய்யவில்லை. ஞாயிறு காலையிலிருந்து ஒரே ஒரு கேள்வியை ஐரிஷில் மனப்பாடம் பண்ணிக்கொண்டிருந்தார். சாயங்காலம் வேஷ்டியைச் சலவை மடிப்புக் கலையாமல் கட்டி, நெற்றியில் ஸ்ரீசூர்ணம் இட்டு, இன்டர்வியூ எடுக்கிற அதிகாரி மாதிரி லேப்டாப் முன்னால் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் ஒரு முக்காலியில்.

திரையில் ஒரு சமையலறை. மாளவிகா, கீரன், நடுவில் கீரனின் அம்மா நோரா. என் வயதுதான் இருக்கும். ஏப்ரன் கட்டியிருந்தாள், கையில் மாவு. அவர்கள் கிராமத்தில் வீட்டில் பேசுவதே ஐரிஷ்தானாம். கோடை விடுமுறையில் வெளியூர்ப் பிள்ளைகள் ஐரிஷ் படிக்க அங்கே வருவார்களாம். நோரா அவர்களை வீட்டில் தங்க வைத்துச் சமைத்துப் போடுகிறவள் என்று மாளவிகா சொன்னாள். நல்லது பொல்லாது எதுவும் விசாரிக்காமல் இவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு கேள்வியை வீசினார். நீங்கள் ஏரன்னக்கா, ப்ரஹ்னக்கா?

நோரா முகமெல்லாம் மலர்ந்து கை தட்டினாள். நெற்றியில் கோடு போட்ட ஒரு மனிதர் எங்கோ சிட்லபாக்கத்தில் உட்கார்ந்துகொண்டு தன் பாஷை பேசுகிறாரே என்று அவளுக்கு ஆனந்தம். மடை திறந்த மாதிரி ஐரிஷில் பேச ஆரம்பித்துவிட்டாள். பேசினாள், கேட்டாள், பதிலுக்குக் காத்திருந்தாள். இவர் விழித்தார். சௌக்கியமா என்ற சொல் தெரிந்தால்தானே? இனங்களின் பெயரைத் தவிர ஒரு சொல் தெரியாது. அவள் புரிந்துகொண்டாள். படிக்க வந்த பிள்ளைகளில் மந்தமான ஒன்றை நடத்துகிற மாதிரி, இவர் கேட்ட கேள்வியையே நிறுத்தி நிறுத்தித் திருத்திச் சொல்லி, திரும்பச் சொல்லச் சொன்னாள். இவர் சொன்னார். தலையை ஆட்டினாள், மறுபடி என்றாள். பிரிவு அலுவலர் மூன்று தரம் சொல்லி, மூன்றாவது தரம் தேறினார். வாழ்க்கையில் நான் பார்த்த நல்ல காட்சிகளில் அது ஒன்று.

அப்புறம் அவள் பதில் சொன்னாள். கீரன் இங்கிலீஷில் சொல்ல, மாளவிகா தமிழில் சொன்னாள்.

"ப்ரஹ்னக்ங்கறது பேருப்பா. பாஸ்போர்ட்டுக்கு வேணும், கல்லறைக் கல்லுக்கு வேணும். நடுவுல அதை யாரும் உபயோகிக்கறதில்லைங்கறா."

"அப்போ ஊர்ல விசாரிச்சா இவனைத் தெரியலையே?" என்றார் இவர். விடுவாரா?

"யாரைன்னு விசாரிச்சே? ப்ரஹ்னக்னா அங்க பாதி ஊரு. அடையாளம் சொல்றதுக்குப் பெத்தவா பேரைச் சேர்த்துச் சொல்வா. இவரை ஊரே கீரன் நோரான்னுதான் கூப்பிடறது. அப்படிக் கேட்டிருந்தா சின்னக் குழந்தைகூட வீட்டைக் காட்டியிருக்கும்."

"அம்மா பேரா? அப்பா பேர் என்னாச்சு?"

கீரன் தானே பதில் சொன்னான். அவனுடைய அப்பா லண்டனுக்கு வேலைக்குப் போனவர், திரும்பி வரவே இல்லை. அதைச் சொல்ல அவனுக்கு வெட்கமும் இல்லை, வருத்தமும் இல்லை. "யார் வளர்த்தாளோ அவா பேரைத்தான் ஊர் எடுத்துக்கும்" என்று மாளவிகா சேர்த்துச் சொன்னாள். இவர் நாற்காலியில் பின்னால் சாய்ந்துகொண்டார்.

அதற்குள் நோரா திரைக்கு மிகப் பக்கத்தில் வந்து, இவரைத் தாண்டி என்னைப் பார்த்து, மாளவிகாவிடம் ஏதோ கேட்டாள். அதில் என் பெயர் காதில் விழுந்தது.

"என்ன சொல்றா?" என்றேன்.

"இவாதான் காமுவான்னு கேக்கறாம்மா." மாளவிகாவுக்குக் கண் கலங்கியிருந்தது. "நான் மொத மொத அந்த ஊருக்குப் போனப்போ மளிகைக் கடையில ஒரு தாத்தா கேட்டார். நீ யாருடையவள்னு. அங்க புதுசா யாரைப் பார்த்தாலும் அதைத்தான் கேப்பா. நான் காமுவோடவள்னு சொன்னேன். அன்னிலேருந்து அந்த ஊர்ல எனக்கு மாளவிகா காமுன்னுதான் பேர்."

பள்ளிக்கூடத்தில், காலேஜில், ரேஷன் கார்டில், ஆதாரில் அவள் தோ. மாளவிகா. நான் பெற்று, பால் கொடுத்து, பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்து, கடன் வாங்கி ஃபீஸ் கட்டி அனுப்பின பெண்ணின் பெயருக்கு முன்னால் முப்பது வருஷமாக இந்த மனுஷரின் எழுத்து நின்றுகொண்டிருக்கிறது. நான் பார்த்திராத ஒரு கிராமத்தில், நான் பார்த்திராத ஒரு கிழவர் என் பெயரைச் சொல்லி என் பெண்ணைக் கூப்பிடுகிறார். புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன்.

இவர் மெதுவாகக் கேட்டார். "என் பேரை ஏன் சொல்லலை?"

மாளவிகா கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இவருக்கு உறைத்திருக்கும்.

"தோணலைப்பா."

நோரா என்னிடம் கல்யாணத்துக்கு வருகிறாயா என்று இங்கிலீஷில் கேட்டாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வருகிறேன்" என்றேன். யார் முகத்தையும் பார்க்கவில்லை. அப்புறம் அவள் விரலை இவர் பக்கம் நீட்டி ஏதோ கேட்க, கீரனும் மாளவிகாவும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"என்னது?" என்றார் இவர், கடுப்பாக.

"நீ வந்தா உன்னை ஊர்ல எப்படிக் கூப்பிடறதுன்னு கேக்கறா. அப்புறம் அவாளே பதிலும் சொல்லிட்டா. தோத்தாத்ரி காமு."

லேப்டாப்பை மூடின பிறகு இவர், "நாங்குநேரின்னு சொன்னா அவாளுக்குப் புரியாதோ?" என்று கேட்டார். "புரியாது" என்றேன். இவருக்காக வருத்தப்பட எனக்கு அன்று நேரமில்லை. பரணிலிருந்து சூட்கேஸை இறக்க வேண்டியிருந்தது.

மறுநாள் ஏரிக்கரை நண்பர் ஒருவர் வாசலில் நின்று, "என்ன சார், விசாரிச்சாச்சா? அவா எந்த மாதிரி?" என்று கேட்டார். இவர் முழங்கால் வலிக்கிறது, நடக்க வரவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். முழங்காலுக்கு ஒன்றும் இல்லை. அதே முழங்காலோடுதான் சாயங்காலம் ஸ்டேஷன் வரைக்கும் நடந்துபோய், விசாவுக்கு வேண்டிய அளவில் போட்டோ எடுத்துக்கொண்டு வந்து, என்னிடம் காட்டாமல் பீரோவில் வைத்தார். நான் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

நேற்றுக் குளியலறையில் தண்ணீர் சத்தத்துக்கு நடுவே இவர் குரல் கேட்டது. என்னமோ முனகுகிறாரே என்று கதவருகில் நின்றேன். ஐரிஷ்தான். ஏரன்னக், சாசனக் எதுவும் இல்லை. பெண்ணிடம் ரகசியமாகக் கேட்டு வாங்கியிருக்கிறார் போலும். மளிகைக் கடைக் கிழவர் கேட்கப்போகிற கேள்விக்குப் பதில். இஸ் லே காமு மே. இஸ் லே காமு மே. நான் காமுவுடையவன். வந்து போகிற சமாசாரத்துக்குப் போடுகிற "தா" இல்லை, "இஸ்".

உச்சரிப்பு சகிக்கவில்லை. நோரா திருத்தட்டும்.